போன சீசனைவிட டீம் தேறியிருக்கிறதா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில் வழக்கமான சீசன் முடிந்ததும் ஒவ்வொரு ரசிகர் கூட்டத்திலும் இதே சண்டைதான். ஒருவர் "எவ்வளவோ முன்னேற்றம்" என்பார், பக்கத்தில் இருப்பவர் "ஒரு மண்ணும் மாறவில்லை" என்பார். இருவரும் பார்த்தது அதே ஆட்டங்களைத்தான். இங்கே பேசுவது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மேல்தட்டான எஃப்.பி.எஸ். டீம்களைப் பற்றி. டச் டவுன், ஃபீல்டு கோல் தெரிந்திருந்தால் போதும், மற்றதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி), இந்த வருஷம் 8-4. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

வெற்றிக் கணக்கு பொய் சொல்லாது, ஆனால் பாதியைத்தான் சொல்லும். வழக்கமான சீசனில் மொத்தமே 12 ஆட்டம். அதில் மூன்று ஆட்டங்கள் கடைசி நிமிஷ ஃபீல்டு கோலில் முடிவாகி, அந்த மூன்றும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் அதே டீம், அதே ஆட்டத்துக்கு 5-7 என்று நின்றிருக்கும். பேஸ்பால் மாதிரி 162 ஆட்டம் ஆடினால் இந்த ஏற்ற இறக்கம் தானாகச் சமன்படும். 12 ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

நான் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் புள்ளி வித்தியாசம், அப்புறம் எதிராளிகள் யார் என்பது, அப்புறம் ஒவ்வொரு ஸ்னாப்பிலும், அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சியிலும், என்ன நடந்தது என்பது. வெற்றி தோல்விக் கணக்கு கடைசியில்தான். கோச்சின் வேலைக்கும், ஆறு வெற்றி பெற்றால் சீசன் முடிவில் கிடைக்கும் கூடுதல் ஆட்டமான பௌல் ஆட்டத்துக்கும் அந்தக் கணக்குதான் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் டீம் தேறியதா என்பது வேறு கேள்வி.

புள்ளி வித்தியாசம் அவ்வளவு சொல்லிவிடுமா?

நெப்ராஸ்காவின் 2021 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 3-9. பார்த்தவுடன் குப்பை என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். இல்லினாயிடம் 8, ஓக்லஹோமாவிடம் 7, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 3, மிச்சிகனிடம் 3, மினசோட்டாவிடம் 7, பர்டியூவிடம் 5, ஓஹாயோ ஸ்டேட்டிடம் 9, விஸ்கான்சினிடம் 7, அயோவாவிடம் 7. கூட்டினால் ஒன்பது தோல்விக்கும் சேர்த்து 56 புள்ளிதான். வென்ற மூன்று ஆட்டத்தில் மட்டும் 119 புள்ளி முன்னிலை. சீசன் முழுவதற்கும் கணக்குப் போட்டால் அந்த டீம் எதிராளிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது. 3-9 டீம்!

அந்தக் குளிர்காலத்தில் "அடுத்த வருஷம் எல்லாம் திரும்பிவிடும்" என்று சொன்னவர்கள் ஏராளம். கணக்கும் அதைத்தான் சொன்னது. நடந்தது வேறு: 2022-இல் முதல் ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 31-28, மூன்றாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாளே கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். சீசன் 4-8.

அப்படியானால் புள்ளி வித்தியாசமும் ஏமாற்றியதுதானே?

ஏமாற்றவில்லை, அதைப் படித்த விதத்தில்தான் அவசரம். அந்த 63-இல் ஃபோர்டமை 52-7 என்று அடித்த ஆட்டமும் இருக்கிறது. ஃபோர்டம் எஃப்.சி.எஸ். டீம், அதாவது ஒரு தட்டு கீழே. அந்த ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டாலே 63 என்பது 18 ஆகிறது. நார்த்வெஸ்டர்னை 56-7 என்று அடித்ததும் அப்படி ஒரு நாள் கூத்துதான்.

இன்னொன்று, நெருக்கமான தோல்விகளைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணமாக இருந்தால் அதிர்ஷ்டக் குறை என்று விட்டுவிடலாம். ஒரே ஓட்டை திரும்பத் திரும்பத் தெரிந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, குணம். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தில் ஒரு பன்ட் (பந்தை எதிராளிக்கு உதைத்துக் கொடுப்பது) 62 யார்டு திருப்பி ஓடப்பட்டு ஆட்டம் சமனானது. அயோவா ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 21-6 என்று முன்னிலையில் இருந்தார்கள், நான்காவது குவார்ட்டரில் பன்ட் ஒன்று தடுக்கப்பட்டு டச் டவுன் ஆனது. ஸ்பெஷல் டீம்ஸ் என்கிற உதைப் பிரிவு சீசன் முழுக்க ஒழுகியது. அந்த ஒழுகலை அடைத்தார்களா என்பதைத்தான் 2022-இல் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நெருக்கமான வெற்றிகளையும் இதே மாதிரி சந்தேகப்பட வேண்டுமா?

கண்டிப்பாக. ரசிகர்களுக்குப் பிடிக்காத பாகம் இது. டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2021-இல் 5-7. சானி டைக்ஸ் கோச்சாக வந்த 2022-இல் வழக்கமான சீசன் 12-0, தேசியப் பட்டப் போட்டி வரை போய் 13-2. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டத்தை, அதாவது ஒரே டிரைவில் (பந்து கையில் இருக்கும் ஒரு தொடர் முயற்சியில்) சமன் செய்யக்கூடிய ஆட்டத்தை, ஒற்றை ஸ்கோர் ஆட்டம் என்பார்கள். டி.சி.யு. அந்த மாதிரி ஆறு ஆட்டங்களை வென்றது, ஒன்றில்தான் தோற்றது. பேலர் ஆட்டத்தில் டைம் அவுட் கையில் இல்லாமல், கடிகாரம் ஓட ஓட உதைக்கும் பிரிவு மைதானத்துக்குள் ஓடிவந்து, கடைசி நொடியில் 40 யார்டு ஃபீல்டு கோல் அடித்து 29-28 என்று ஜெயித்தது. பார்க்க அற்புதம். அதற்காகப் பயிற்சி எடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் வருஷா வருஷம் அதையே நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

பட்டப் போட்டியில் ஜார்ஜியா 65-7 என்று துவைத்தது. 2023-இல் டி.சி.யு. மறுபடியும் 5-7. அந்த வருஷம் கொலராடோ, வெஸ்ட் வர்ஜீனியா, டெக்சஸ் மூவரிடமும் தலா மூன்று புள்ளியில் தோற்றார்கள். அதை அதிர்ஷ்டத்தின் மேல் மட்டும் போட முடியாது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேக்ஸ் டக்கனும், பாஸைப் பிடிக்கும் ரிசீவர் குவென்டின் ஜான்ஸ்டனும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போய்விட்டார்கள். அஃபென்ஸை (தாக்கி ஆடும் பிரிவை) நடத்திய காரெட் ரைலி கிளெம்சனுக்குப் போனார்.

என் கணிப்பு: 2022 டி.சி.யு. உண்மையிலேயே நல்ல டீம், 9 அல்லது 10 வெற்றிக்குத் தகுதியானது. மேலே வந்ததெல்லாம் போனஸ்.

டர்னோவர் கணக்கு (பந்தைப் பறித்தது, பறிகொடுத்தது) மைனஸிலிருந்து பிளஸுக்கு வந்திருக்கிறது. டிஃபென்ஸ் (தடுப்புப் பிரிவு) தேறியது என்று சொல்லலாமா?

பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பந்தைத் தட்டிவிட்டு ஃபம்பிள் உண்டாக்குவது திறமை. தரையில் விழுந்து உருளும் பந்தை யார் அமுக்குவது என்பது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஒரு டீம் விழுந்த பந்துகளில் மூன்றில் இரண்டைக் கைப்பற்றியிருந்தால் அடுத்த வருஷம் அது இறங்கும் என்று எதிர்பார்ப்பதுதான் விவேகம். எதிராளியின் பாஸைக் குறுக்கே பிடிக்கும் இன்டர்செப்ஷனும் ஓரளவு அப்படித்தான். டிஃபென்ஸ் எத்தனை பாஸ்களைத் தொட்டது என்பதை முதலில் பாருங்கள். தொட்ட பந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் கைக்குள் நிற்கும். தொட்ட எண்ணிக்கை கூடியிருந்தால் முன்னேற்றம். தொட்டது அதே அளவு, பிடித்தது மட்டும் இரட்டிப்பு என்றால் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

எதிராளிகளின் பலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இதைத் தவறாக எடுப்பவர்கள்தான் அதிகம், இரண்டு பக்கமும்.

இந்தியானாவைப் பாருங்கள். 2023-இல் 3-9. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்த 2024-இல் வழக்கமான சீசன் 11-1. உடனே "அட்டவணை லேசு" என்று குரல் எழுந்தது. லேசுதான்: எஃப்.சி.எஸ். டீமான வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று அடித்ததையெல்லாம் யாரும் சாதனையாகச் சொல்ல முடியாது. ஓஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் நோட்ர டேமிடம் 27-17 என்று, பெரிய இடங்களில் இரண்டிலும் தோல்வி. ஆனால் லேசான எதிராளியை எப்படி வென்றார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. சுமாரான டீம் லேசான எதிராளியிடம் 24-20 என்று திணறி வெல்லும். இந்தியானா நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்தது. இப்படி வாராவாரம் நொறுக்குவது லேசான அட்டவணையால் மட்டும் வராது. 2025-இல் பிக் டென் கான்ஃபரன்ஸின் (டீம்கள் சேர்ந்து ஆடும் குழுவின்) பட்டப் போட்டியில் அதே ஓஹாயோ ஸ்டேட்டை 13-10 என வென்றபோது 2024-ஐச் சந்தேகித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மறுபக்கம் ஓக்லஹோமா. 2023-இல் பிக் 12 கான்ஃபரன்ஸில் 10-3. 2024-இல் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்கு மாறியதும் 6-7. டீம் சரிந்ததா, வாசல் உயர்ந்ததா? இரண்டும் என்பேன். ஆனால் நான்கு வெற்றி குறைந்தது முழுவதும் சரிவு இல்லை. அந்த வருஷம் அலபாமாவை 24-3 என்று அடக்கிய டிஃபென்ஸ் அது. 2024-இல் டெக்சஸும் எஸ்.இ.சி.க்குப் போனது. யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்குப் போயின. இந்த டீம்களுக்கெல்லாம் 2023-ஐயும் 2024-ஐயும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இரண்டு வருஷமும் ஆடிய அதே எதிராளிகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவது நல்ல வழி. இருந்தாலும் அந்த எதிராளியும் ஒரு வருஷத்தில் மாறியிருப்பான், மறக்கக் கூடாது.

ஒரே ஒரு புள்ளிவிவரம்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

சக்சஸ் ரேட். அதாவது, ஸ்னாப்புகளில் எத்தனை சதவீதம் வேலைக்கு ஆனது என்பது. பரவலாகப் பயன்படும் அளவுகோல் இது (10 யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்): முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம். அதை எட்டினால் அந்த ஸ்னாப் வெற்றி.

ஒரு டிரைவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் டவுன், 10 யார்டு தேவை, 6 யார்டு ஓட்டம்: வெற்றி. இரண்டாவது டவுன், 4 யார்டு தேவை, 70 சதவீதம் என்றால் 2.8, கிடைத்தது 3: வெற்றி. மூன்றாவது டவுன், 1 யார்டு தேவை, முன்வரிசை லைன் நகரவே இல்லை: தோல்வி, பன்ட். மூன்றில் இரண்டு வெற்றி, பலன் பூஜ்யம். இன்னொரு டிரைவ்: முதல் டவுனில் 0, இரண்டாவதில் 0, மூன்றாவதில் டிஃபென்டர் வழுக்கி விழ, ரிசீவர் 75 யார்டு ஓடி டச் டவுன். மூன்றில் ஒன்றுதான் வெற்றி, பலன் ஏழு புள்ளி.

ஸ்கோர் போர்டு இரண்டாவது டீமைப் புகழும். நான் முதல் டீமின் மேல்தான் பணம் கட்டுவேன். நீளமான பாய்ச்சல் வாரத்துக்கு வாரம் மாறும். ஸ்னாப்புக்கு ஸ்னாப் முன்னே நகரும் பழக்கம் அவ்வளவு மாறாது. போன வருஷம் 38 சதவீதம், இந்த வருஷம் 45 என்று ஏறியிருந்தால் வெற்றிக் கணக்கு அப்படியே இருந்தாலும் அஃபென்ஸ் மாறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். டிஃபென்ஸுக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் பாருங்கள்.

டி.வி.யில் காட்டும் மொத்த யார்டு, ஓட்ட யார்டு இவையெல்லாம்?

மொத்த யார்டு, எத்தனை ஸ்னாப் ஆடினார்கள் என்பதைப் பொறுத்தது. 2023-இலிருந்து விதி மாறியது: 10 யார்டைக் கடந்து புது முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரம் நிற்கும் பழைய வழக்கம், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் என்றானது. ஆட்டத்துக்குச் சில ஸ்னாப்புகள் குறைந்தன. 2022-ஐவிட 2023-இல் டிஃபென்ஸ் குறைந்த யார்டு கொடுத்தது என்று பெருமைப்பட்டவர்களில் பலர் கடிகாரத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எனவே ஒரு ஸ்னாப்புக்கு எத்தனை யார்டு என்றே பாருங்கள்.

ஓட்ட யார்டில் இன்னொரு கண்ணி. கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக் சாக் ஆனால், அதாவது பாஸ் வீசும் முன் பின்னாலேயே சாய்க்கப்பட்டால், இழந்த தூரம் ஓட்டக் கணக்கில் கழியும். என்.எஃப்.எல்.-இல் அது பாஸ் கணக்கில் போகும். 2023 கொலராடோ ஓட்ட யார்டில் நாட்டின் அடிமட்டத்தில் இருந்தது. ஓடுபவர்கள் மோசம் என்பது மட்டும் காரணம் இல்லை. குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் அந்த சீசனில் 50 தடவைக்கு மேல் சாக் ஆனார். ஓட்டம் தேறியதா என்று பார்க்க விரும்பினால் சாக்குகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு எடுத்த புள்ளிகள்?

தூக்கிப் போடுங்கள். மேலே சொன்ன நோட்ர டேம்-இந்தியானா ஆட்டம் 27-17 என்று படித்தால் பரவாயில்லையே என்று தோன்றும். கடைசி இரண்டு நிமிஷம் வரை அது 27-3.

எஸ்.பி. பிளஸ், எஃப்.பி.ஐ. ரேட்டிங்குகள், ஏ.பி. போல் (ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு)... எதை நம்புவது?

ஏ.பி. போல் 1936-இலிருந்து இருக்கிறது. அது நிருபர்களின் ஓட்டு, அளவுகோல் இல்லை. ஆகஸ்டில் மேலே வைத்த டீம் தோற்கும்வரை மேலேயே இருக்கும்.

பில் கானலி உருவாக்கிய எஸ்.பி. பிளஸும், ஈ.எஸ்.பி.என். தரும் எஃப்.பி.ஐ.யும் எதிராளியின் பலத்தைச் சேர்த்தே கணக்கிடுகின்றன. முன்னேற்றத்தைப் பார்க்க இவை மேல். ஆனால் ரேங்கைப் பார்க்காதீர்கள், ரேட்டிங்கைப் பாருங்கள். நடு வரிசையில் டீம்கள் நெருக்கியடித்து நிற்பதால் ஒன்றிரண்டு புள்ளி மாறினாலே பத்துப் பன்னிரண்டு இடம் தாவிவிடும். உச்சியில் அதே அளவு முன்னேற்றம் ஓரிரு இடத்தைத்தான் மாற்றும். இன்னொரு எச்சரிக்கை: சீசனின் ஆரம்ப வாரங்களில் இந்த ரேட்டிங்குகளுக்குள் போன வருஷக் கணக்கும் கலந்திருக்கும். செப்டம்பரில் இதை வைத்து வாதாடினால் பாதி வாதம் போன வருஷத்தைப் பற்றியது.

பாதிப் பேர் ட்ரான்ஸ்ஃபரில் வந்தவர்கள். இதைப் பழைய டீமோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

நியாயமான கேள்வி. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021-இலிருந்து, முதல் தடவை மாறும் வீரர் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றானது. அதே வருஷம் ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு "டீம் வளர்ந்தது", "டீம் மாற்றப்பட்டது" என்று இரண்டு வகை முன்னேற்றம். சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் பழைய வீரர்கள் பலரைக் கையோடு இந்தியானாவுக்கு அழைத்து வந்தார். குவார்ட்டர்பேக் ஓஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். மைதானத்தில் முன்னேற்றம் நூற்றுக்கு நூறு நிஜம். பழைய வீரர்களைச் செதுக்கினார்களா என்று கேட்டால், அதற்கு இரண்டு வருஷமும் ஆடியவர்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்: லைன்மேன்கள், லைன்பேக்கர்கள், இரண்டாம் வரிசையில் இருந்து மேலே வந்தவர்கள். கோச்சிங் தரம் அங்கேதான் தெரியும்.

எத்தனையாவது வாரத்தில் தீர்ப்புச் சொல்லலாம்?

கொலராடோ 2022-இல் 1-11. டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்த 2023-இல் முதல் மூன்று ஆட்டமும் வெற்றி, முதல் ஆட்டமே டி.சி.யு.வை 45-42 என்று. நாடே அதைத்தான் பேசியது. அடுத்த வாரம் ஆரிகனிடம் 42-6 என்று தோல்வி. அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னால் இருந்து, 46-43 என்று தோல்வி. முடிவு 4-8. 2024-இல்தான் 9-4.

நான்கு கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்பது என் கட்சி.

பௌல் ஆட்டத்தைச் சேர்க்கலாமா?

பிளேஆஃபைச் சேருங்கள். மற்ற பௌல்களில் யார் ஆடினார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0 என்று நின்றும் குவார்ட்டர்பேக் ஜார்டன் டிராவிஸின் காயத்தால் பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. ஆரஞ்ச் பௌலுக்கு முக்கிய வீரர்கள் பலர் வரவே இல்லை, ஜார்ஜியா 63-3 என்று வென்றது. அந்த ஸ்கோரை வைத்து அந்த சீசனை அளப்பது அநியாயம். அடுத்த வருஷம் 2-10 என்று விழுந்ததை அளந்தால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

காசு கொடுத்து டேட்டா வாங்காமல் நானே பார்க்க ஒரு வழி?

இரண்டு சீசனுக்கும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலை) மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்னாப்புக்கு நாம் எடுத்த யார்டு, கொடுத்த யார்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அரை யார்டு முன்னேற்றம் என்பது கேட்க அற்பமாக இருக்கும். 70 ஸ்னாப் ஆடும் டீமுக்கு அது ஆட்டத்துக்கு 35 யார்டு, அதாவது ஒரு பன்ட் ஃபீல்டு கோலாக மாறும் தூரம். பக்கத்தில், அந்த எதிராளி மற்றவர்களுக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் 6.2 கொடுக்கிறவனிடம் நாம் 5.8 எடுத்தால் அதில் கொண்டாட ஒன்றும் இல்லை. 2020-ஐத் தொடவே தொடாதீர்கள். கோவிட் வருஷத்தில் மிச்சிகன் 2-4 என்று ஆறே ஆட்டம் ஆடியது, அடுத்த வருஷம் 12-2. அந்த 2-4-ஐ வைத்து எதையும் அளக்க முடியாது.

பரம்பரை எதிரியை ஜெயித்துவிட்டோம். இதுவே முன்னேற்றம் இல்லையா?

2023-இல் மிச்சிகன் 15-0, தேசியப் பட்டம். 2024-இல் 8-5. ஆனால் நவம்பர் 30 அன்று பரம்பரை எதிரியான ஓஹாயோ ஸ்டேட்டின் மைதானத்துக்கே போய் 13-10 என்று வென்றது. அங்கே தோற்ற ஓஹாயோ ஸ்டேட்தான் அந்த சீசனின் தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றது. மிச்சிகன் ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், 8-5 என்பதே அவர் காதில் விழாது.